லோகப்பிரியா மேடத்தின் பதினெட்டு மாணவர்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.இ. பட்டம் வரைக்கும் லோகப்பிரியாவின் ஏழு தாள்கள் ஒன்பது வருடமாக ஒரு இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. பீரோ அவளுடையது இல்லை. அவிநாசி தாண்டி பெருந்துறை போகிற வழியில், சோளக்காட்டுக்கு நடுவே நாலு மாடி எழுப்பி நின்ற ஒரு பொறியியல் கல்லூரியின் நிர்வாக அலுவலர் அறையில் இருந்தது.

வேலைக்குச் சேர்கிற அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அந்தக் கல்லூரி வழக்கம். "இங்கயே பத்திரமா இருக்கட்டுமுங்க" என்பார்கள். யாரிடமிருந்து பத்திரம் என்று யாரும் கேட்டதில்லை. நடு வருடத்தில் வேறு வேலை கிடைத்தால் வாத்தியார் ஓடிவிடக் கூடாது, அதற்குத்தான். மாட்டுக்கு மூக்கில் கயிறு போடுகிறோம். எம்.இ. படித்தவருக்கு மூக்கில் போட முடியாது, அதனால் பட்டத்தில் போட்டார்கள்.

லோகப்பிரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கம். அப்பா தம்பிதுரை வாழைக்காட்டில் ஒரு பகுதியை விற்றுத்தான் மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். வாழ்க்கைப்பட்டது பெருந்துறையில். கணவர் கிருபாசங்கர் அங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவள் நடத்திய பாடம் டிஜிட்டல் இமேஜ் பிராசசிங். எம்.இ. முதல் வருடத்துக்கு அது அடிப்படைப் பாடம். அவள் சேர்ந்த வருடம் அந்த வகுப்பில் பதினெட்டு பேர் நிரம்பி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பட்டியலில் மூன்று பேர். இரண்டு பேர் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள், பரீட்சைக்கு மட்டும் வருவார்கள். மிச்சம் ஹுமேரா.

ஹுமேராவுக்கு முப்பத்து நாலு. பி.இ. முடித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உக்கடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சாயங்காலம் அண்ணன் முஜீப்பின் சிசிடிவி கடையில் வேலை. அந்தக் கடைக்கு ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். வண்டியைத் திருடிப் போனவனின் நம்பர் பிளேட் கேமராவில் மங்கலாகத் தெரிகிறது, தெளிவாக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று முஜீப் சொல்லி அனுப்பிவிட்டான். முடியாது என்பது உண்மைதானா என்று தெரிந்தாக வேண்டும் என்று ஹுமேரா எம்.இ. சேர்ந்தாள்.

லோகப்பிரியா தினமும் வருகைப் பதிவைச் சத்தமாகத்தான் வாசிப்பாள். வராத இரண்டு பேருக்கும் வருகை போட வேண்டும், அது ஆபீஸ் உத்தரவு.

"அவங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க மேடம். ஜன்னல் பக்கமா உக்காந்திருக்காங்க. பாத்துங்க, காத்துல பறந்துறப் போறாங்க" என்பாள் ஹுமேரா.

"வெட்டிப் பேச்சு பேசாதீங்க. நோட்ட எடுங்க."

பிறகு ஒரு மணி நேரம் அந்த ஒருத்திக்காக லோகப்பிரியா அறுபது பேருக்குப் பேசுகிற குரலில் பேசுவாள். படம் என்பது எண்கள்தான். கறுப்புக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. நடுவில் உள்ளதுதான் உலகம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு பளபளப்பு வரும். அந்தக் கட்டடத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

"சினிமால ஒரு பட்டனத் தட்டுனா நம்பர் பிளேட் பளிச்சுன்னு தெரிஞ்சுருதுங்களே மேடம்."

"சினிமால இல்லாத பிக்ஸல அவங்களே போட்டுக்குவாங்க. நமக்குக் கேமரா என்ன குடுத்துதோ அதுதான். அதுக்கு மேல போட்டா அது பொய்யி."

அன்றைக்கு நடத்தியது நாலாவது யூனிட். ஒரு படத்தின் ஒரு துண்டை நகலெடுத்து அதே படத்தில் வேறு இடத்தில் ஒட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தக் கேமராவும் படத்தோடு கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் புள்ளியான இரைச்சலையும், அதாவது நாய்ஸையும், சேர்த்துத்தான் பதிகிறது. அது ஒரு இடத்தில் இருக்கிற மாதிரி இன்னொரு இடத்தில் இருக்காது. இரண்டு இடத்தில் அச்சு அசலாக ஒரே இரைச்சல் இருந்தால் அங்கே எவனோ கை வைத்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கிற புரோகிராமை எழுதி, சொந்தமாக ஒரு படத்தைத் தேடி எடுத்து அதில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் அசைன்மென்ட்.

அந்த வாரம்தான் அவளுக்கு அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வின் முடிவு வந்தது. இரண்டாவது முறை எழுதித் தேறியிருந்தாள். இருபத்து மூன்றாம் தேதி சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் கட்டாயம், நகல் செல்லாது, வேறு தேதி கிடையாது. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் அப்போது அவள் வயது என்ன ஆகியிருக்கும்?

நிர்வாக அலுவலர் பாலகோபால் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு வார்த்தைக்கு இரண்டு 'ங்க' போடுகிற மனுஷன். அந்த மரியாதையில் எத்தனையோ பேர் கழுத்து அறுபட்டிருக்கிறது.

"வாங்க மேடம், உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்ளா?"

"வேண்டாமுங்க சார். சர்டிபிகேட் விசயமா..."

"தெரியுமுங்க. பாஸ் பண்ணிட்டீங்களாமா. நம்ம காலேஜுக்கே பெருமைங்க. கரஸ்பாண்டன்ட் ஐயா கேட்டதும் அவ்வளவு சந்தோசப்பட்டாருங்க."

"இருபத்திமூணு வெரிபிகேஷனுங்க."

"ஆகட்டுமுங்க, யாரு வேண்டாங்கறாங்க. அதுக்குள்ள நம்ம எம்.இ. அப்ரூவல் ஒண்ணு நிக்குதுங்க. இப்பெல்லாம் நேர்ல வர்றதில்லைங்க, போட்டோ ஏத்துனாப் போதும். லேபு நடக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும். பதினெட்டு சீட்டுங்க, பதினெட்டு தலை தெரியோணும்."

"சேந்திருக்கறதே மூணு பேருங்க சார். வர்றது ஒருத்தரு."

"அதுக்குத்தானுங்களே உங்க சப்ஜெக்ட் இருக்குது. கூட்டறது, பெருக்கறது எல்லாம் நீங்க நடத்தறதுதானுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"பி.இ. பசங்கள உக்கார வெச்சு எடுத்துக்கலாமுங்களே."

"போன தடவ அப்படித்தானுங்க எடுத்தோம். அவனுங்க அதையே இன்ஸ்டாகிராமுல போட்டு, இன்னிக்கு நாங்கெல்லாம் எம்.இ.ன்னு எழுதிப்போட்டானுங்க. ஐயா காதுக்குப் போயி பெரிய சங்கடமாப் போச்சு. நீங்கன்னா வெளிய போகாதுங்க. போட்டோ என்ற கைக்கு வந்துருச்சுன்னா பீரோ சாவி எங்க போயிறப் போகுதுங்க அம்மணி?"

இவ்வளவு நாசூக்காக ஒரு மனுஷியை விலைக்குக் கேட்க வேறு யாருக்கும் வராது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடம் முன்னால் அந்தத் துறையில் ஒன்பது ஆசிரியர்கள் சேர்ந்து, எங்கள் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க முடிவெடுத்தார்கள். மனுவை எழுதியதே லோகப்பிரியாதான். குறித்த நாளில் காரிடாருக்கு நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு அன்றைக்கென்று பிள்ளைக்குக் காய்ச்சல், வண்டி பஞ்சர், மாமியாருக்கு மயக்கம். பாலகோபால் கதவைத் திறந்து, "ஏனுங்க, எல்லாருமா எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். லோகப்பிரியாதான் வாயைத் திறந்தாள்: "டீ குடிக்கலாமுன்னு வந்தமுங்க சார்." மனு அவள் கைப்பைக்குள் போனது. ஒன்பது பேரும் உள்ளே போயிருந்தால் அந்த பீரோ திறந்திருக்கும். ஒன்பது பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டு எந்தக் கல்லூரியும் வகுப்பு நடத்த முடியாது. இந்தச் சின்னக் கணக்கு, கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கினவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கிருபாசங்கர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஒரு போட்டோதானே. செஞ்சு குடுத்துட்டு வாங்கீட்டு வா. அங்க எல்லாமே அப்படித்தான் நடக்குதுன்னு நீயே சொல்லுவியல்ல."

"அத நாஞ்செய்யறதுதான்..."

"நீ செய்யலீன்னா வேற ஒருத்தரு செய்வாங்க. அந்தப் போட்டோவும் போகும், உன்ற வேலையும் போகும்."

இது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் லேபில் ஸ்டாண்டு வைத்துக் கேமராவை அசையாமல் நிறுத்தினாள். லேப் பதிவேட்டுக்குப் போட்டோ வேண்டும் என்று ஹுமேராவிடம் சொன்னாள். ஐந்து இடத்தில் மாற்றி மாற்றி உட்காரச் சொன்னாள். ஹுமேரா உற்சாகமாக உட்கார்ந்தாள். ஒரு படத்தில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டாள், ஒன்றில் பக்கத்துக் காலி நாற்காலியோடு பேசினாள்.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று லோகப்பிரியா கேட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"எம்பட நோட்டக் காட்டச் சொல்றாங்க மேடம். காட்டமாட்டேன்னுட்டேன்."

அதன் பிறகு இரண்டு நாள், கதவைச் சாத்திக்கொண்டு லோகப்பிரியா வேலை செய்தாள். ஐந்து ஹுமேராக்களை ஒரே படத்தில் சேர்த்தாள். தலையில் சுற்றிய துணியின் நிறத்தை ஒவ்வொன்றுக்கும் மாற்றினாள். பழைய வருடத்துப் படங்களிலிருந்து முதுகுகளையும் பாதி முகங்களையும் எடுத்து மிச்ச நாற்காலிகளில் உட்கார வைத்தாள். நிழல் விழுகிற திசையைச் சரி செய்தாள், ஓரங்களை மழுப்பினாள். ஒட்டிய ஒவ்வொரு துண்டின் மேலும் புதிதாக இரைச்சலைத் தூவினாள். ஒன்பது வருடமாகக் கற்றுக் கொடுத்த அத்தனையையும் அன்றுதான் முழுசாகப் பயன்படுத்தினாள். வேலை அருமையாக வந்தது. அது அருமையாக வந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதனால் ஒன்று செய்தாள். மூன்றாவது வரிசையில் மானிட்டருக்குப் பின்னால் பாதி தெரிகிற ஒரு தலையை, நாற்காலி மானிட்டரோடு அப்படியே வெட்டி, ஒரு புள்ளிகூட மாற்றாமல் நாலு நாற்காலி தள்ளி ஒட்டினாள். நாலாவது யூனிட்டைப் பாதி படித்தவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். பார்க்கிறவன் பார்க்கட்டும், பிடிக்கட்டும் என்று நினைத்தாள். தன் பங்குக்கு ஒரு எதிர்ப்பு என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டாள். படித்தவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

போட்டோ ஏறியது. மூன்றாம் நாள் அனுமதி வந்தது. யாரும் எதையும் பிடிக்கவில்லை, யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பாலகோபால் துறைக்கே வந்து வாழ்த்தினார். சான்றிதழைக் கேட்டதற்கு, "ஐயா திருப்பதி போயிருக்காருங்க. வந்ததும் ஒரு கையெழுத்துத்தானுங்க" என்றார். படம் நன்றாக இருக்கிறதென்று கல்லூரி இணையதளத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி காலையில் ஹுமேரா மூச்சு வாங்க வந்தாள்.

"மேடம், அசைன்மென்ட்டுக்கு எந்தப் படம் எடுக்கறதுன்னு தேடிட்டிருந்தனுங்க. நம்ம காலேஜு வெப்சைட்ல ஒரு லேப் போட்டோ இருந்துச்சு. சும்மா ஓட்டிப் பாத்தேன். மூணாவது வரிசையில ஒரே ஆளு ரெண்டு தடவ உக்காந்திருக்காரு. அப்புறந்தான் மூஞ்சிகள உத்துப் பாத்தேன். நானு அஞ்சு எடத்துல இருக்கேனுங்க மேடம்."

லோகப்பிரியா மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தாள்.

"நீங்க லேப் பதிவேட்டுக்குன்னு எடுத்த படத்தத்தான் ஆபீஸ்ல இப்படிப் பண்ணிப்போட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு நெனச்சேன். ஆனா சொல்லாம எப்படி இருக்கறதுங்க?"

"ரிப்போர்ட் எழுதிட்டீங்களா?"

"பன்னெண்டு பக்கமுங்க. நேத்தே போர்ட்டல்ல ஏத்திட்டேன். கடைசி நாளல்லங்க."

போர்ட்டலில் மாணவர்கள் ஏற்றுகிற எல்லாமே அடுத்த ஆய்வுக்குச் சான்றாகச் சேமிக்கப்படும். ஆபீஸும் பார்க்கும். பதினோரு மணிக்குப் பாலகோபால் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை காப்பி பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குமாட்ட இருக்குதுங்க."

"ஆமாங்க."

"நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதுல சந்தேகமில்லைங்க." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "போர்ட்டல்ல ஒரு ரிப்போர்ட்ட எடுக்கோணும்னா ஒரே வழிதானுங்க இருக்குது. காப்பியடிச்சதுன்னு கோர்ஸ் டீச்சர் எழுதி, சைபர் போட்டு, கையெழுத்துப் போட்டா தானா நீங்கிரும். வேற மாதிரி எடுத்தா யாரு எடுத்தாங்கன்னு பதிவாயிருதுங்க."

"அந்தப் புள்ள ஒரு வரி காப்பியடிக்கலைங்க சார்."

"எனக்குத் தெரியாதுங்ளா? ஐயா நேத்தே வந்துட்டாருங்க. உங்க கவரு என்ற டேபிள்லதான் இருக்குது." இருந்தது. பழுப்பு நிறக் கவர், மேலே அவள் கையெழுத்திலேயே அவள் பெயர். "அந்தப் போட்டோவ யாரு செஞ்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா, அரசாங்க வேலைக்கு அது நல்லதில்லைங்க பாருங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவள் கவரைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். எடுத்துக்கொண்டு ஓடினால் வாட்ச்மேன் பிடிப்பானா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். துறையில் மற்ற எட்டுப் பேர் இருந்தார்கள். போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது. கூடவே அந்தக் காரிடாரும் டீயும் நினைவுக்கு வந்தன. பேனாவை வாங்கினாள். 'பிறரிடமிருந்து நகலெடுக்கப்பட்டது. மதிப்பெண் 0' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காப்பியடித்ததைக் கண்டுபிடித்த அறிக்கை, காப்பியடித்த அறிக்கையாகிவிட்டது.

பாலகோபால் கவரைப் பிரித்து ஏழு தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிறகு இன்னொரு தாளை நீட்டினார். மேற்படி சான்றிதழ்களைப் பாதுகாப்பு கருதி நானே விரும்பி ஒப்படைத்திருந்தேன் என்று அதில் அச்சடித்திருந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டாள்.

"சந்தோசமாப் போயிட்டு வாங்க மேடம்."

ஹுமேரா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். போனில் போர்ட்டல் திறந்திருந்தது. அழவில்லை, கோபமாகவும் தெரியவில்லை.

"எங்கிருந்து காப்பியடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

லோகப்பிரியா கவரை மார்போடு அணைத்திருந்தாள். ஹுமேரா கவரைப் பார்த்தாள், அதன் மேலிருந்த பெயரைப் படித்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நானும் யோசிச்சேன். அந்தத் துண்டத் தவிர மத்த எல்லா எடத்துலயும் வேலை அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. நாய்ஸெல்லாம் தனித்தனியா தூவியிருந்தாங்க. ஆபீஸ்ல யாருக்குங்க இது வரும்?"

"ஹுமேரா, எனக்கு இருபத்திமூணாந்தேதி..."

"பரவால்லைங்க மேடம். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. நானு வாரேனுங்க."

வருகிறேன் என்று சொன்னாளே தவிர, அவள் அதற்குப் பிறகு வரவில்லை. காப்பியடித்தவள் என்று பதிவான மாணவிக்கு அந்த செமஸ்டரில் பரீட்சை எழுத அனுமதி இல்லை. அண்ணன் கடைக்கு முழு நேரமாகப் போகிறாள் என்று பிறகு தெரிந்தது. வருகைப் பதிவில் அவளுக்கும் தினமும் வருகை போடச் சொல்லி ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த வருடத்துக்கும் பதினெட்டு இடத்துக்கு அனுமதி இருந்ததல்லவா, எண்ணிக்கை குறையக் கூடாது.

இருபத்து மூன்றாம் தேதி சென்னையில் பெரிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் மடியில் கவரை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். லோகப்பிரியாவுக்குப் பக்கத்தில் மானசா என்று ஒருத்தி, சோமனூர்க்காரி. பேச்சைக் கேட்டதுமே ஒரே பக்கத்து ஆட்கள் என்று தெரிந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் சான்றிதழை எப்படி வாங்கினோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று பொய் சொல்லியிருந்தார். இன்னொருவர், உயிரோடிருக்கிற மாமனாரைச் சாகடித்து, வாரிசு சான்றிதழுக்கு என்று கேட்டு வாங்கியிருந்தார். "காரியத்துக்கு லீவும் குடுத்தாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மானசா, தான் மூன்று நாள் கல்லூரி வாசலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து வாங்கியதைச் சொன்னாள்.

"நீங்க எப்படிங்க வாங்குனீங்க?"

"கேட்டனுங்க. குடுத்துட்டாங்க" என்றாள் லோகப்பிரியா.

"கேட்டதும் குடுத்துட்டாங்களா? அந்த மாதிரியும் ஒரு காலேஜு இருக்குதுங்ளா? எந்தக் காலேஜுங்க அது? என்ற தங்கச்சி எம்.இ. முடிச்சுட்டு ஊட்லதான் இருக்கா. அவளச் சேரச் சொல்றேன்."

அதற்குள் லோகப்பிரியாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மானசா பேனாவைத் திறந்து, கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தயாராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோகப்பிரியா கல்லூரியின் பெயரைச் சொன்னாள். பாலகோபாலின் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனாள்.